டேஷ்போர்டைக் கழற்றிய நாள்

அத்தியாயம் பதினான்கு

மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்த் திரும்பிய குடும்பம் கேரவனிலிருந்து எந்தக் கோலத்தில் இறங்கியது என்பதைச் சென்ற வாரமே பார்த்தோம். இட்லிப் பானையிலிருந்து எடுத்த மாதிரி இறங்கினார்கள். வாடகைக்கு எடுத்தவர் சத்தம் போடவில்லை. "அம்மனப் பாக்கத்தான் வந்தோம், எங்களையே தீச்சட்டியில ஒக்கார வச்சிட்டீங்களே" என்று ஒரே ஒரு வரி சொன்னார். அந்த வரிக்குப் பிறகு வண்டிக்காரர்களின் கோட்டக்குப்பம் வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை.

கேரவன் என்றால் கட்டிலும் சமையல் மேடையும் கழிப்பறையும் வைத்து வீடாக மாற்றிய வேன். கூரையில் பெரிய ஏசி ஒன்று உண்டு. ஆனால் அது வண்டியை ஓரங்கட்டி கரண்டில் சொருகினால்தான் ஓடும். சாலையில் போகும்போது டேஷ்போர்டு ஏசி ஒன்றுதான் கதி. கத்திரி வெயிலில் அதுவும் கைவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பாடு அதோகதி.

வண்டி முகம்மது ஆசிப்பின் பேரில் இருந்தது. சார்ஜாவில் பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு வந்து வாங்கிய வண்டி. சாவி சர்புதீனின் சட்டைப்பையில். அவன் ஆசிப்பின் தங்கை பர்வீனைக் கட்டியவன். புக்கிங் போன் ஆசிப்பின் மனைவி சாஜிதாவின் கையில். யாருக்கு எந்தத் தேதி, எந்த ஊர் என்று முடிவு செய்வது அவள்தான். அந்தப் போன் வந்த பிறகுதான் தெருவில் அவளை 'ஆசிப் பொண்டாட்டி' என்பதை விட்டு 'கேரவன் சாஜிதா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரிக் காட்டிக்கொள்வாள், அது வேறு விஷயம்.

ஏசி ஏன் காற்று விடவில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆசிப் வெயில் என்றான். சர்புதீன் வாயே திறக்கவில்லை. சாஜிதாவின் காரணம் சர்புதீன்தான்.

சும்மா சொல்லவில்லை அவள். விழுப்புரத்தில் இரண்டு தடவை காஸ் அடித்தும் ஏசி திருந்தவில்லை. வண்டி சூடாகித் தவிக்கும்போதெல்லாம் சர்புதீன் எங்காவது டீக்கு நிறுத்துவான், திரும்ப எடுத்ததும் கொஞ்ச தூரத்துக்கு ஏசி ஜில்லென்று வரும். அது எப்படி? மூன்றாவதுதான் பெரிது. எதிர்வீட்டு சாரா பீவி சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தபோது, திண்டிவனத்தில் ஒரு ஷெட்டில் இதே கேரவன் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு வண்டி விழுப்புரத்தில் வாட்டர் வாஷில் இருப்பதாகத்தான் சர்புதீன் சொல்லியிருந்தான்.

"வண்டி ஓடலன்னா நீங்க வெறுத்துப்போயி வித்துடுவீங்க. கம்மி வெலைக்கு அவரே வாங்கிக்குவாரு. இதுக்குப் பெரிய படிப்பு வேணுமா?" என்று சாஜிதா புருஷனிடம் அடுப்படியில் கேட்டாள்.

அடுப்படிக்கு இரண்டு வாசல் இருப்பதை மறந்துவிட்டாள். பின்வாசலில் கையில் ஒரு கிண்ணத்தோடு பர்வீன் நின்றிருந்தாள்.

பர்வீன் அழுவாள் என்றுதான் ஆசிப் பயந்தான். அவள் அழவில்லை. கிண்ணத்தை மேடையில் வைத்தாள்.

"அண்ணி, என் வீட்டுக்காரர் மேல சந்தேகம்னா இன்னைக்கே வண்டிய எடுத்துக்கினு போயி பாத்துடுங்க. அவரு கைவரிச இருந்திச்சின்னா சாவிய நானே வாங்கி உங்க கையில குடுக்கறேன். அவரு ஊட்டுலயே கெடக்கட்டும்."

"அப்பிடியெல்லாம் பேசாத பர்வீன்" என்றான் ஆசிப்.

"இருங்கண்ணே. இல்லன்னு தெரிஞ்சிச்சின்னா, அந்தப் புக்கிங் போன் என் கைக்கு வந்துடணும். ஒரு குடும்பத்து ஆம்பளையத் திருடன்னு சொல்லிட்டு அண்ணி பாட்டுக்குப் போனப் பேசிக்கினு இருந்தா நல்லா இருக்காது பாருங்க."

சாஜிதாவுக்கு சுருக்கென்றது. ஆனால் அவளுக்குத் தன் கணக்கில் துளி சந்தேகமும் இல்லை. எல்லார் மேலும் சந்தேகப்படுகிறவர்களுக்குத் தங்கள் மேல் மட்டும் அது வராது.

"சரி. பேச்சுன்னா பேச்சு" என்றாள்.

நாள் வேறு கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் விடியற்காலை பனமலையிலிருந்து வேங்கடேசன் வீட்டுச் சவாரி. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன அவர் மனைவி பாஞ்சாலியைப் படுக்க வைத்தபடியே பெங்களூரு மகள் வீட்டில் கொண்டு சேர்க்க வேண்டும். அந்தம்மாவை வேகவைத்துக் கொண்டுபோக முடியாது.

ஆசிப், சாஜிதா, சர்புதீன் மூன்று பேரும் கிளம்பினார்கள். பர்வீன் வாசல் வரை வந்து, சாப்பாட்டுக் கூடையை ஏற்றிவிட்டு, கையசைத்து வழியனுப்பினாள்.

*

சாஜிதா முன்சீட்டில் உட்கார்ந்தாள். வழக்கமாக அது ஆசிப்பின் இடம். இன்றைக்கு அவளுக்கு சர்புதீனின் கைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. எந்த நேரத்தில் எந்தப் பட்டனைத் தொடுகிறான் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவன் ஒன்றையும் தொடவில்லை. ஏசியை முழு வேகத்தில் வைத்தான், அவ்வளவுதான்.

கண்டமங்கலம் வரை காற்று ஜில்லென்றுதான் வந்தது. வளவனூர் நெருங்கும்போது மெலிந்தது. விழுப்புரம் எல்லைக்குள் நுழையும்போது டேஷ்போர்டுக்குள் காற்றைத் தள்ளும் ப்ளோயர் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது, துவாரத்தில் கையை வைத்தால் பூனை மூச்சு விடுகிற அளவுக்குத்தான் காற்று.

"சத்தம் இவ்ளோ வருது. காத்து எங்க போவுது தம்பி?" என்று கேட்டாள் சாஜிதா.

சர்புதீன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "அது உங்களுக்குத் தெரியாததா அண்ணி."

சாஜிதா திடுக்கிட்டாள். இவன் இப்படிப் பேசுகிற ஆளில்லை. வாய்க்குள் பல் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதியான ஆள். அவன் குரலில் ஒரு குத்தல் இருந்தது. குற்றமுள்ளவன்தான் இப்படி எதிர்த்துப் பேசுவான் என்று முடிவு கட்டினாள்.

*

விழுப்புரத்தில் பாண்டுரங்கனின் கடை திருச்சி சாலையில், ஒரு டயர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு தடவையும் காஸ் அடித்தவர் அவர்தான். ஆசிப்புக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. வண்டியைப் பார்த்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்.

"இன்னா ஆசிப்பு, மறுபடியுமா?"

"பாரேன் பாண்டு. இன்னைக்கு எப்பிடியாச்சும் தெரிஞ்சாவணும்."

பாண்டுரங்கன் காஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினார். சிவப்புக் குழாய் ஒன்று, நீலக் குழாய் ஒன்று. முள் நகர்வதை சாஜிதா அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள், அது என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியாவிட்டாலும்.

"காஸ் கொறையவே இல்ல. செவப்பு முள்ளப் பாத்தா கொஞ்சம் ஏத்தமாவே இருக்குது" என்றார். கம்ப்ரஸர் வேலை செய்கிறது. முன்னால் இருக்கும் ஃபேன் சுற்றுகிறது. பெல்ட் இறுக்கம். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தன் பக்கம் தப்பில்லை என்பதை அழுத்தி அழுத்திச் சொன்னார்.

"அப்ப ரெண்டு தடவ அடிச்சது எதுக்கு?" என்று சாஜிதா கேட்டாள்.

"அன்னைக்கு நீல முள்ளு எறங்கி இருந்திச்சிம்மா. எறங்கினா காஸ் கொறச்சல்னு அர்த்தம். அடிச்சேன்."

"இன்னைக்கும் எறங்கித்தான இருக்குது?"

பாண்டுரங்கன் நீல முள்ளை மறுபடி பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு பேச்சை மாற்றுகிறவர்போல வண்டிக்குள் ஏறி, டேஷ்போர்டின் இடது பக்க அறையைத் திறந்து குனிந்தார். அவர் எழுந்தபோது குரல் தணிந்திருந்தது.

"ஆசிப்பு, இங்க வா. இந்த ஸ்குரூவப் பாரு. யாரோ கழட்டி மாட்டியிருக்கான். நான் இதத் தொட்டதே இல்ல."

திருகாணிகளின் தலையில் புதுக் கீறல்கள் பளபளத்தன.

ஆசிப் சர்புதீனைப் பார்த்தான். சாஜிதா சர்புதீனைப் பார்த்தாள். பாண்டுரங்கனும் பார்த்தார், அவருக்குப் பழி தன் தலையிலிருந்து இறங்கினால் போதும்.

"மாப்ள, இது யாரு கழட்டினது?"

"திண்டிவனத்துல கழட்டினது மச்சான்" என்றான் சர்புதீன்.

மறைக்கக்கூட இல்லை. சாஜிதாவுக்கு ஒரு பக்கம் ஜெயித்த சந்தோஷம், இன்னொரு பக்கம் அந்த ஜெயிப்பே கசந்தது. நினைத்தது நிஜமாகும்போது அப்படித்தான் இருக்கும்போல. பர்வீனின் முகம் நினைவுக்கு வந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளை வைத்திருக்கிறவள். அவள் புருஷன் கையிலிருந்து சாவியை வாங்கும் நாள் இதுதானா?

"அந்த ஷெட்டுக்கே வுடுங்க வண்டிய" என்றாள்.

*

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் ஆசிப் தண்ணீர் வாங்க நிறுத்தச் சொன்னான். எஞ்சினை அணைத்துவிட்டு மூவரும் இறங்கி ஒரு புளியமர நிழலில் நின்றார்கள். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது, சொட்டிக்கொண்டே இருந்தது.

திரும்ப ஏறி எடுத்ததும் ஏசி ஜில்லென்று அடித்தது.

"பாத்தீங்களாங்க?" சாஜிதா பின்னால் திரும்பினாள். "நிறுத்தினா வருது. ஓட்டினா போவுது. ஏதோ சுவிட்சு கிவிட்சு வச்சிருக்காங்க உள்ள."

"வாய மூடிக்கினு வா சாஜிதா" என்றான் ஆசிப். அவன் அவளிடம் அப்படிப் பேசுவது அபூர்வம்.

சர்புதீன் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தான். கூட்டேரிப்பட்டு வரும்போது காற்று மறுபடி படுத்துவிட்டது.

*

ஷெட் திண்டிவனம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், வரிசையாக லாரி பாடி கட்டும் இடத்தில் இருந்தது. உரிமையாளர் பெயர் வல்லரசு. பெயருக்குத் தகுந்த உடம்பில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து போனில் கபடி பார்த்துக்கொண்டே தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தார். சர்புதீனைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"வா சர்பு. ஓனரக் கேட்டுக்கினு வர்றேன்னுட்டுப் போனவன், ஆளையே காணோம்?"

"இவருதான் ஓனரு" என்றான் சர்புதீன்.

வல்லரசு தட்டைக் கீழே வைத்தார். ஆசிப் அவரிடம் நேரடியாகவே கேட்டுவிட்டான். சர்புதீன் இங்கே எதற்கு வந்தான், என்ன கழற்றினீர்கள், ஏதாவது மாற்றினீர்களா என்று.

"நான் ஒண்ணும் மாத்தல சார். ஏசி காத்து வரலன்னு வந்தாரு. அறையக் கழட்டி ப்ளோயர் நல்லாருக்குதான்னு பாத்தேன், நல்லாருந்திச்சி. கைய உள்ள வுட்டுத் தடவினா கூலிங் காயிலு மேல கம்பளி மாரி எதுவோ ஒட்டிக்கினு இருந்திச்சி. டேஷ்போர்டக் கழட்டித்தான் கழுவணும், ஒருநாள் வேல, ஓனரக் கேட்டுக்கினு வான்னு சொன்னேன். ஏன் இப்பிடி ஆச்சின்னும் சொல்லி அனுப்பினேனே."

ஆசிப் மச்சினனிடம் திரும்பினான். "இது நல்ல விஷயந்தான மாப்ள? ஏன் என்கிட்ட சொல்லல?"

"பாண்டுரங்கன் உங்க கூட்டாளி. அவர உட்டுட்டு வேற எடத்துக்குப் போனேன்னு தெரிஞ்சா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன் மச்சான். அதான் வாட்டர் வாஷுன்னு சொன்னேன்."

"சரி, அது வாஸ்தவம். காயிலு அடச்சிருக்குன்னு சொல்லலாம் இல்ல?"

சர்புதீன் சாஜிதாவின் பக்கம் திரும்பினான்.

"அத அண்ணியக் கேளுங்க" என்றான்.

"என்னை என்னா கேக்கறது?" சாஜிதாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "வண்டியத் திருட்டுத்தனமா இங்க கொண்டாந்தது நீங்க, பதில் நான் சொல்லணுமா?"

"மொதல்ல கழட்டிடலாம் சார்" என்று வல்லரசு குறுக்கே வந்தார். குடும்பச் சண்டை பார்த்துப் பழகிய மனிதர்போல. "கழட்டினா தெரிஞ்சிடப்போவுது."

*

டேஷ்போர்டைக் கழற்றுவது பார்க்க நல்ல காட்சியல்ல. பளபளவென்று இருந்த முன்பக்கம் கொஞ்ச நேரத்தில் ஒயரும் குழாயுமாகக் குடலை வெளியே தள்ளிக்கொண்டு கிடந்தது. ஆசிப் ஒவ்வொரு திருகாணியையும் ஒரு டிபன் மூடியில் வாங்கி வைத்தான். சாஜிதா பக்கத்திலேயே நின்றாள். உள்ளே ஒரு சுவிட்சோ, கள்ளத்தனமான ஒயரோ இருக்கும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெயிலிலும் நகராமல் நின்றாள். பர்வீன் கட்டிக்கொடுத்த சோற்றை ஒருவரும் தொடவில்லை.

கடைசியில் ஒரு கறுப்புப் பெட்டியின் மூடி திறந்தது.

"இந்தாங்க. இதுக்குள்ளேந்து காத்து எப்பிடி வரும்?" என்றார் வல்லரசு.

கூலிங் காயில் என்பது மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கி நெருக்கி அடுக்கியது. தகடுகளுக்கு நடுவே காற்று போய்வந்தால்தான் குளிர்ச்சி. இங்கே தகடே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில், பிசுபிசுவென்று, தூசியும் பிசினும் சேர்ந்து அப்பிக்கிடந்தது. ப்ளோயர் தள்ளும் காற்று அதன்மேல் மோதி நின்றுவிடுகிறது. உள்ளே காற்றோட்டம் இல்லாததால் ஓட ஓட காயில் ஐஸ் கட்டிக்கொள்கிறது, இருக்கிற சந்தும் அடைகிறது. வண்டியை நிறுத்தினால் ஐஸ் உருகித் தண்ணீராகச் சொட்டிவிடும், மறுபடி கொஞ்ச தூரத்துக்கு வரும். நீல முள் இறங்கியதும் இதனால்தான். வல்லரசு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னதும், சாஜிதா தேடிய சுவிட்சுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

சாஜிதாவுக்குப் பாதிக்கு மேல் காதில் விழவில்லை. பெட்டி திறந்ததும் ஒரு வாசனை வந்ததே, அது அவளை அப்படியே நிறுத்திவிட்டது.

"தூசி சரி. இது என்னா பிசினு?" என்று ஆசிப் விரலால் தொட்டு முகர்ந்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்க்காமல் இருந்தான்.

"வண்டிக்குள்ள சாம்பிராணி போடுவீங்களா?" என்றார் வல்லரசு.

வியாழக்கிழமைதோறும் அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் சாஜிதா கேரவனுக்கு சாம்பிராணி போடுவாள். சும்மா காட்டிவிட்டு வருவதில்லை. கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளை அடைத்து, சாவியைத் திருப்பி, ப்ளோயரை முழு வேகத்தில் வைப்பாள். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்துவாள். புகை டேஷ்போர்டுக்குள் புகுந்து ஒவ்வொரு துவாரத்திலும் வெளியே வரும். தெருக்கண் எல்லாம் மூலை முடுக்கில்தான் ஒளிந்திருக்குமாம், அங்கெல்லாம் புகை போக வேண்டுமாம். இந்த யோசனை அவளுடையது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கொட்டாங்குச்சித் தணலைப் பதமாகக் கனியவிட்டுத் தூபக்காலில் கொண்டுவந்து தருவது பர்வீன்.

வண்டியை மாற்றிக் கட்டியவன் காற்று உள்ளே போகும் இடத்தில் வடிகட்டி வலை வைக்காமல் விட்டிருந்தான். அந்தத் தப்பு அவனுடையது. மிச்சம் முழுவதும் வாரா வாரம் துவா ஓதிக்கொண்டே சாஜிதா அடைத்தது.

"நான்தாங்க" என்றாள். "நான் போட்டதுதான். வண்டி நல்லாருக்கணும்னு போட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கினாள், நிற்கவில்லை. வேற்று மனிதர் முன்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, காலையில் அடுப்படியில் தான் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவரே கம்மி விலைக்கு வாங்கிக்கொள்வார் என்றாளே. அவள் வீட்டில் ஒரு ஈ எறும்புக்குத் துரோகம் செய்யாத மனிதன் அவன்.

"தம்பி, என்னை மன்னிச்சிடுங்க. தெரியாமப் பேசிட்டேன்."

சர்புதீன் அவளை வினோதமாகப் பார்த்தான். மன்னிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"அண்ணி, உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"எது?"

"சாம்பிராணியாலதான் அடச்சிருக்குன்னு."

"தெரிஞ்சிருந்தா திரும்பத் திரும்பப் போடுவேனா தம்பி?"

சர்புதீனின் முகம் மாறியது. ஷெட்டுக்கு வெளியே இருந்த குழாயடிக்குப் போய், முகத்தைக் கழுவியவன் கழுவிக்கொண்டே இருந்தான். சாஜிதா, தன்மேல் அவனுக்கு ஆத்திரம் தீரவில்லை என்றுதான் நினைத்தாள். தீராதுதான், யாருக்குத் தீரும்?

*

வல்லரசு நுரை அடித்து ஊறவைத்து, மெல்லிய தண்ணீர்ப் பீச்சலில் காயிலைக் கழுவினார். முதலில் டிகாக்ஷன் மாதிரி இறங்கிய தண்ணீர் போகப்போக வெளுத்தது. கூடுதலாக இருந்த காஸைக் குறைத்தார். வடிகட்டி வலையை வெட்டிப் பொருத்தினார். டேஷ்போர்டை மறுபடி மாட்டி முடிக்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது.

ஏசியைப் போட்டதும் டேஷ்போர்டில் கிடந்த துண்டு பறந்து ஆசிப்பின் முகத்தில் விழுந்தது. காற்று பின்னால் இருக்கும் கட்டில் வரை போனது. பாஞ்சாலியம்மா நிம்மதியாகப் படுத்துக்கொண்டு பெங்களூரு போகலாம்.

ஆசிப் கட்டிலில் சாய்ந்தான். நாள் முழுக்க மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் நசுங்கிய மனிதன், அந்தக் குளிர்ச்சியில் உடனே கண் அசந்துவிட்டான். அசருமுன் ஒன்று மட்டும் சொன்னான்.

"போன் விஷயத்த மறந்துடு சாஜிதா. பர்வீன் ஏதோ ஆத்திரத்துல கேட்டா. நான் சொல்லிக்கிறேன்."

"இல்லீங்க. பேசினது பேசினதுதான்."

புதுச்சேரி சாலையில் ஓமந்தூர் தாண்டியது. சாஜிதா புக்கிங் போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாருக்கு ஜன்னலோரக் கட்டில் வேண்டும், எந்தப் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி, எந்தக் குழந்தைக்கு வண்டியில் வாந்தி வரும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கொடுத்துவிட வேண்டியதுதான். தப்பு செய்தவள் வீம்பு பிடிக்கக்கூடாது.

பர்வீனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள், சர்புதீனும் கேட்கட்டும் என்று.

"பர்வீன், ஏசி சரியாயிடிச்சி. வந்துகினு இருக்கோம். தம்பி மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் என் தப்புதான். ஊட்டுக்கு வந்ததும் போன உன் கையில குடுத்துடறேன். மனசுல வச்சிக்காதம்மா."

"ஐயோ, விடுங்க அண்ணி" என்றாள் பர்வீன். தேனாக இருந்தது குரல். "நீங்க என்னா வேணும்னா பண்ணீங்க? சாம்பிராணி போட்டா காயிலு அடச்சிக்கும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும் பாவம்?"

சாஜிதா போனையே பார்த்தாள்.

சாம்பிராணி என்று அவள் சொல்லவில்லை. காயில் என்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து மூவரும் ஒருவர் கண்ணெதிரில் ஒருவராகத்தான் இருந்தார்கள், பர்வீனோடு யாரும் பேசவில்லை.

போனைக் கையால் பொத்திக்கொண்டு சர்புதீன் பக்கம் திரும்பினாள். அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்திருந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"தம்பி?"

"வல்லரசு சொன்ன அன்னைக்கே நான் அவகிட்ட சொல்லிட்டேன் அண்ணி." பின்னால் ஆசிப் எழுந்துவிடப் போகிறான் என்று குரலை அடக்கினான். "நான் சொன்னா உங்களுக்கு மனசு கஷ்டமாப் போவும், பொம்பளைக்குப் பொம்பள நான் பக்குவமாச் சொல்றேன், நீங்க வாயத் தொறக்காதீங்கன்னா. மறுநாளு கேட்டேன். சொல்லிட்டேன், அண்ணி கேக்க மாட்டேன்றாங்கன்னு சொன்னா. தெரிஞ்சும் சாம்பிராணியும் போட்டுக்கினு, என்னையும் திருடங்கறீங்களேன்னு நானும் உங்களத் தப்பாத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

சாஜிதா மனசுக்குள் நாள் எண்ணினாள். அதற்குப் பிறகு இரண்டு வியாழக்கிழமை வந்து போனது. இரண்டு தடவையும் தணல் கொண்டுவந்தது பர்வீன்தான். போன வாரம் தூபக்கால் வழிய வழியக் கொண்டுவந்தாள். ஒரு கை சாம்பிராணியைத் தானே அள்ளிப் போட்டாள். "நல்லாப் போடுங்க அண்ணி, ஊர்க்கண்ணு பொல்லாதது" என்றாள்.

"அண்ணி, லைன்ல இருக்கீங்களா?" போனிலிருந்து பர்வீன் கேட்டாள். "போன இன்னைக்கே தர்றீங்களா, இல்ல நாளைக்கா?"

"இன்னைக்கே தர்றேன்மா" என்று சொல்லி வைத்தாள் சாஜிதா.

"மச்சானுக்குத் தெரிஞ்சா அவளத் தங்கச்சின்னே சொல்ல மாட்டாரு அண்ணி" என்றான் சர்புதீன். அதற்கு மேல் கெஞ்ச அவனுக்குத் தெரியவில்லை.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. ஆசிப் எழுந்து, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகம் தெளிந்திருந்தது.

"ஆஹா, சார்ஜா ஏசி மாரி இருக்குது குளிரு. பர்வீன்கிட்டப் பேசினியே, என்னா சொன்னா என் தங்கச்சி?"

சர்புதீன் ஓரக்கண்ணால் சாஜிதாவைப் பார்த்தான். சாஜிதா அவன் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"போன் இன்னைக்கே வேணுமாங்க. குடுத்துடறேன்" என்றாள். பர்வீன் காதுக்குப் போனால் அவளுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். "அதோட அவ கையால நம்ம ஊட்டுக்கும் ஒருநாளு சாம்பிராணி போடச் சொல்லப்போறேன். தணல் மட்டும் இந்தத் தடவ நான் கொண்டாந்து குடுக்கறேன்."